பத்துக்கு எத்தனை வலி?

இங்கே சிங்கப்பூரில் எனக்கு வலது முட்டி மாற்று அறுவை செய்து ஆறு வாரம் ஆகிறது. அறுவை முடிந்த அன்று மாலை வலியே இல்லை. முதுகில் போட்ட ஊசியும் கால் நரம்பை மரக்கச் செய்த மருந்தும் செய்த வேலை அது. தெரியாமல் தஞ்சாவூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, "எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கு" என்று அளந்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு மரத்திருந்த கால் விழித்துக்கொண்டது.

மிஸ்ஸி (என் வயதுக்காரர்களுக்கு நர்ஸ் எப்போதும் மிஸ்ஸிதான்) வந்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார். எட்டு இருக்கும். பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டி சத்தமே காட்டாமல் படுத்திருக்கிறார், நான் மட்டும் அலறுவதா? "நாலு" என்றேன். நாலுக்கு உள்ள மருந்துதான் கிடைத்தது. காலையில் பிசியோ நடக்கச் சொன்னபோது கட்டில் கம்பியை விட முடியவில்லை.

வீட்டிலும் அதே வீம்பு. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று யாரோ சொல்ல, ஐந்தாம் நாளே நானாக நிறுத்தினேன். வலிக்குப் பயந்து முட்டியை மடக்கவில்லை. மடக்காததால் இறுகியது. அடுத்த முறை அளந்தபோது 70 பாகைகூட மடங்கவில்லை. டாக்டர் திட்டவில்லை. என் ரத்தப் பரிசோதனையைக் காட்டி, உங்களுக்கு பாரசிட்டமால் போடலாம், வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போடுங்கள், பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரு வேளை வருகிற மாதிரி பாருங்கள் என்றார். இப்போது 105 பாகை மடங்குகிறது.

அப்புறம், தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நீட்ட வராமல் போகும். குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

ஜூரோங்கிலிருந்து ஒரு தம்பி:
அக்கா, அம்மாவுக்கு டிரமடால் என்ற வலி மருந்து கொடுத்தார்கள். வலி அடங்கியது, நான்கு நாள் மலம் போகவில்லை. முட்டியையே மறந்துவிட்டார். மலமிளக்கியும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்கள். பப்பாளி போதும் என்று அதைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்!

ஈசூன்காரர் ஒருவர்:
எனக்கு இரவு வலி மூன்று மாதம் இருந்தது. உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பேன். ஒருநாள் கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது, இது வேறு வலி. அவசரப் பிரிவுக்குப் போனேன், ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி. இதற்கு மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள்.

மீண்டும் நான்:
அண்ணே, அதைக் கேட்டதும் என் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். நேற்று முதன்முதலாகச் சந்தைக்கு நடந்தேன். சாலை கடக்கும் விளக்குக் கம்பத்தில் முதியோர் கார்டைத் தட்டினால் பச்சை மனிதன் சில விநாடி கூடுதலாக நிற்பான், தட்ட மறந்துவிட்டேன். பாதிச் சாலையில் விளக்கு மினுங்கியது, பேருந்து ஓட்டுநர் பொறுமையாக நின்றார். வீட்டில் மகள் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். மூன்று என்றேன். "உண்மையான மூன்றா?" என்கிறாள்.