வளவு வீட்டுக் குழு: புல்வெட்டி வண்டி செல்ஃப் இழுக்கவில்லை

*சனிக்கிழமை*

மெய்யப்பன் (கானாடுகாத்தான்), காலை 7:12: எல்லோருக்கும் வணக்கம். மழை விட்டதும் பின்கட்டில் புல் முழங்காலுக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டியில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் அரைச் சுற்று இழுத்து நின்றுவிடுகிறது. மறுபடி திருப்பினால் முக்கி முனகி ஒரு சுற்று. இன்ஜின் பிடிக்கிற வேகமே வரவில்லை.

மெய்யப்பன்: 🎥 வீடியோ

உமையாள் ஆச்சி (சென்னை): பிள்ளையார் நோன்புக்குப் பங்காளி வீட்டார் எல்லோரும் வருகிறார்களே மெய்யப்பா. பிள்ளைகள் முகப்பில் நுழைந்து பின்வாசல் வழியாக அடுத்த தெருவுக்கு ஓடும். புல்லுக்குள் பூச்சி பொட்டு இருந்தால் என்ன செய்வது?

மெய்யப்பன்: அதுதான் ஆச்சி எனக்கும் கவலை. காரைக்குடியில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். வண்டியைப் பார்க்காமலே பேட்டரி, செல்ஃப் மோட்டார் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள்.

உமையாள் ஆச்சி: எவ்வளவு என்று கேட்டுச் சொல். இப்போதே அனுப்பிவிடுகிறேன்.

பெரிய அம்மான் (தேவகோட்டை): உமையாள், பணம் அனுப்பாதே. மெய்யப்பா, எதையும் வாங்காதே. உன்னிடம் மல்ட்டிமீட்டர் இருக்கிறதா?

மெய்யப்பன்: இன்வெர்ட்டருக்கு வாங்கியது இருக்கிறது அம்மான்.

பெரிய அம்மான்: போதும். ஆட்டோ எலெக்ட்ரிகல் பட்டறையில் இதைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்தேன். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பத்துப் பேரும் பேட்டரியைத்தான் சொல்வார்கள். பேட்டரியாக இருக்கலாம், வயராக இருக்கலாம், செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சொலினாய்டாக இருக்கலாம், மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், இன்ஜினே இறுக்கமாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் மாற்றுகிற ஒவ்வொரு சாமானும் வீண் செலவு.

பெரிய அம்மான்: முதலில் சாவியைத் தொடாமல் பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்து அள.

மெய்யப்பன், காலை 7:40: 12.1 வோல்ட்

பெரிய அம்மான்: முழு சார்ஜில் 12.6க்கு மேல் காட்ட வேண்டும். 12.2 என்றாலே ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது என்று கணக்கு. இனி செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார். அதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, அதன் வாயை இன்ஜின் உலோகத்தோடு எர்த் செய்து வை. சும்மா தொங்க விட்டால் இக்னிஷன் காயில் கெட்டுப்போகும். ஐந்து நொடிக்கு மேல் அடிக்காதே, ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிடம் விடு. மோட்டார் சூடேறினால் உள்ளே சுருள் கருகிவிடும்.

மெய்யப்பன்: 8.9 வரை இறங்குகிறது அம்மான்.

பெரிய அம்மான்: 9.6க்குக் கீழே போகக் கூடாது. ஆனால் பாதி சார்ஜில் இருக்கிற பேட்டரியை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கழற்றி சார்ஜ் போடு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காற்றோட்டமான இடத்தில் வை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம்.

உமையாள் ஆச்சி: வளவுக்குள் வைக்காதே மெய்யப்பா. அப்பத்தா அங்கேதான் விளக்கேற்றுவார்கள்.

மெய்யப்பன்: பின்வாசல் திண்ணையில் வைக்கிறேன் ஆச்சி.

மெய்யப்பன், மாலை 5:50: சார்ஜரை எடுத்து ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தேன். 12.7. மாட்டி செல்ஃப் அடித்தால் 10.3 வரைதான் இறங்குகிறது. ஆனால் வண்டி இன்னும் மெதுவாகத்தான் சுற்றுகிறது.

பெரிய அம்மான்: அப்படியானால் பேட்டரி தப்பித்தது. காலையிலேயே புதுசு வாங்கியிருந்தால் இப்போதும் இதே இடத்தில்தான் நின்றிருப்போம். இனி வயர். டெர்மினலைப் படம் எடுத்துப் போடு. அப்படியே பேட்டரி நெகட்டிவ் வயர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து அந்த இடத்தையும் படம் எடு.

மெய்யப்பன்: 📷 படம்
மெய்யப்பன்: 📷 படம்

பெரிய அம்மான்: சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில், போல்ட் போட்ட இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது பார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணில் வை. கிளாம்பில் வேண்டாம், ஈயத் தூணின் மேலேயே. இன்னொரு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வை. செல்ஃப் அடி.

மெய்யப்பன்: 0.9

பெரிய அம்மான்: 0.2, மிஞ்சினால் 0.3 இருக்கலாம். கணக்கு எளிது. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள். துருப்பிடித்த அந்த ஒரு போல்ட்டில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். சும்மா இருக்கும்போது மீட்டரில் எதுவும் தெரியாது. கரண்ட் ஓடும்போதுதான் பிடிபடும்.

பெரிய அம்மான்: போல்ட்டைக் கழற்றி, வயர் நுனியில் இருக்கும் லக்கையும் சேசிஸையும் உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கும் வரை தேய். இறுக்கி முடித்தபிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் தடவு. பாசிட்டிவ் பக்கமும் அதேபோல் பார்: பேட்டரி தூணிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை. அங்கே அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சொலினாய்டையும் விட்டுவிடலாம்.

மெய்யப்பன், இரவு 7:05: எர்த் பக்கம் இப்போது 0.1. பாசிட்டிவ் 0.3. முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் ஒரே இடத்தில் ‘டக்’ என்று முட்டி நின்று, அப்புறம் தாண்டுகிறது.

பெரிய அம்மான்: ஒரே இடத்திலா?

மெய்யப்பன்: ஆமாம் அம்மான். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை.

பெரிய அம்மான்: பிளக்கைக் கழற்றிவிட்டு அடித்துப் பார். துளைக்கு நேரே முகத்தை வைக்காதே.

மெய்யப்பன்: பறக்கிறது அம்மான்! 🎥 வீடியோ

பெரிய அம்மான்: அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பேரிங்கும் இறுகவில்லை. பிஸ்டன் காற்றை அழுத்தும் கம்ப்ரஷனைத் தாண்டத்தான் திணறுகிறது. கார்பரேட்டர் ஊசி கசிந்து சிலிண்டரில் பெட்ரோல் தேங்கினாலும் இப்படி முட்டும். ஆயில் குச்சியை எடுத்து மோந்து பார். பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ செல்ஃப் அடிக்கவே கூடாது.

மெய்யப்பன்: வாடை இல்லை, அளவும் சரி. பிளக் துளையிலிருந்தும் எதுவும் தெறிக்கவில்லை.

லெட்சு அண்ணன் (டல்லாஸ்), இரவு 7:38: இப்போதுதான் எழுந்து எல்லாவற்றையும் படித்தேன். அம்மான், இது வால்வு இடைவெளி (டேப்பெட்) கூடியதால் வந்தது. இங்கே வீட்டுக்கு வீடு இந்த வண்டிதான், என் வண்டியிலும் இதே கோளாறு வந்தது.

பெரிய அம்மான்: டேப்பெட் லூசானால் சத்தம் வரும், இழுவை குறையும். செல்ஃப் ஏன் முட்டும் லெட்சு? லாரி, கார் எதிலும் நான் பார்த்ததில்லையே.

லெட்சு அண்ணன்: லாரி, காருக்கு இது பொருந்தாது அம்மான். ஒற்றை சிலிண்டரைச் சின்ன செல்ஃப் மோட்டார் தாண்ட வேண்டுமே. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் கை எப்படி நின்றுவிடும், அப்படி மோட்டார் நிற்கும். அதற்காக, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். செல்ஃப் அடிக்கும்போது பிஸ்டன் அழுத்திக்கொண்டு மேலே வருகையில் அந்த மேடு ஒரு வால்வை நூலளவு திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிடும். மோட்டார் எளிதாகத் தாண்டும். இன்ஜின் பிடித்து வேகம் எடுத்த பிறகு அதனால் பாதிப்பு இல்லை.

லெட்சு அண்ணன்: ஓட ஓட வால்வு இடைவெளி கூடிவிட்டால், அந்த மேட்டின் உயரம் வால்வை எட்டாது. முழு கம்ப்ரஷனும் மோட்டார் தலையில் விழும். வண்டி ஓடும்போது ஒரு வித்தியாசமும் தெரியாததால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பெரிய அம்மான்: 👏 இந்த வயதில் எனக்குப் புதுப் பாடம். சரி, அளவு என்ன?

லெட்சு அண்ணன்: என் இன்ஜின் புத்தகத்தில் காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.005 முதல் 0.007. இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். மெய்யப்பா, உன் இன்ஜினில் மாடல் எண் குத்தியிருக்கும், படம் அனுப்பு. புத்தகத்தைத் தேடித் தருகிறேன்.

மெய்யப்பன்: 📷 படம்

லெட்சு அண்ணன்: என்னுடையதன் வரிசைதான். அளவும் அதேதான். இன்லெட்டுக்கு 0.10 மில்லிமீட்டரும் எக்ஸாஸ்டுக்கு 0.15 மில்லிமீட்டரும் வைத்தால் சரியாக இருக்கும்.

மெய்யப்பன்: புதுவயலில் எனக்குத் தெரிந்த பைக் மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகள் இருக்கும். நாளை காலை அழைத்து வருகிறேன் அண்ணே.

லெட்சு அண்ணன்: பைக் டேப்பெட் வைக்கிறவருக்கு இது கைவந்த வேலை. ஒன்று மட்டும் அவரிடம் சொல். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதையும் தாண்டிக் கால் அங்குலம் கீழே இறங்கிய இடத்தில் அளக்க வேண்டும். பிளக் துளையில் ஒரு ஸ்ட்ராவை விட்டால் இறங்குவது தெரியும். உச்சியிலேயே அளந்தால் நான் சொன்ன மேடு குறுக்கே நின்று அளவைப் பொய்யாக்கும்.

*ஞாயிற்றுக்கிழமை*

மெய்யப்பன், காலை 9:20: மூடியைக் கழற்றிவிட்டோம். இன்லெட்டில் 0.30 மில்லிமீட்டர் தகடே தாராளமாகப் போகிறது. எக்ஸாஸ்ட் கொஞ்சம்தான் கூடுதல்.

பெரிய அம்மான்: வை, வை. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்கச் சொல். இறுக்கும்போது திருகு கூடவே திரும்பிவிடும்.

மெய்யப்பன், காலை 10:05: 🎥 வீடியோ
மெய்யப்பன்: சாவி திருப்பின நொடியே பிடித்துவிட்டது!! முட்டலே இல்லை.

உமையாள் ஆச்சி: 🙏🙏 மெக்கானிக் தம்பிக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு. கூலியை அவர் கேட்பதற்கு மேலேயே கொடு, நான் அனுப்புகிறேன்.

மெய்யப்பன்: வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் ஆச்சி.

லெட்சு அண்ணன்: மூடி கேஸ்கெட்டில் ஆயில் கசிகிறதா என்று ஒரு மணி நேரம் கழித்துப் பார்.

பெரிய அம்மான்: எனக்கு இன்னும் ஒன்று பாக்கி. நன்றாக இருக்கிற பேட்டரி ஏன் 12.1க்கு வந்தது? முழு ஆக்ஸிலேட்டரில் ஓடவிட்டுப் பேட்டரி முனையில் அள.

மெய்யப்பன்: 14.1

பெரிய அம்மான்: சார்ஜிங் நன்றாக இருக்கிறது. மழைக்காலம் முழுக்க நின்றே கிடந்ததும், முட்டி முட்டி செல்ஃப் அடித்ததும்தான் காரணம். ஓட்டாத மாதங்களில் நெகட்டிவைக் கழற்றி வை, நடுவில் ஒரு முறை சார்ஜ் போடு.

மெய்யப்பன்: சரி அம்மான். புல் உயரமாக இருப்பதால் பிளேடை மேலே வைத்து ஒரு சுற்று, நாளைக்கு இறக்கி ஒரு சுற்று வெட்டுகிறேன். முன்னால் ஆள் விட்டுக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்குவேன் ஆச்சி.

உமையாள் ஆச்சி: கிணற்றுப் பக்கம் முதலில் வெட்டு. பிள்ளைகள் வந்ததும் அங்கேதான் ஓடும்.