பொருள்: தடித்து, ஒடுங்கி, முனை உருண்ட எழுத்துருவுக்குப் பெயர்

> ‘குறுக்கெழுத்து’ என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா, அது புதிர்க் கட்டத்துக்குப் போய்விட்டது. ‘குறுக்கம்’ என்றாலோ ஐகாரக் குறுக்கம், மகரக் குறுக்கம் என்று மாத்திரைக் கணக்கு வந்து நிற்கும். ‘வட்ட எழுத்து’ பக்கமே போக வேண்டாம். கல்வெட்டு படிப்பவர்கள் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘சிற்றெழுத்து’ம் பொருந்தாது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த அச்செழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், பொறையாற்றில் சிறியதாக வார்த்தார்கள். அங்கே அளவே சிறுத்தது. இங்கே உயரம் நிற்கிறது, அகலம் மட்டும் ஒடுங்குகிறது. என் முன்மொழிவு: ‘ஒடுங்கெழுத்துரு’.
– கும்பகோணத்திலிருந்து

> ‘ஒடுங்கெழுத்துரு’

ஏற்கிறேன். தன்வினை, பிறவினை வேறுபாடும் சேர்ந்தே கிடைக்கிறது. ஒடுங்கலாகவே வரைந்தது ‘ஒடுங்கு’. சாதாரண எழுத்துருவை மென்பொருளில் பிடித்து அமுக்கியது ‘ஒடுக்கு’. பிளெக்ஸ் பேனர்களில் நிறைய இரண்டாவதுதான். அகலத்தை 70 விழுக்காடாக்கினால் 20 மி.மீ. நிமிர்கோடு 14 ஆகிறது, படுகோடு 20லேயே நிற்கிறது. ‘க’வின் கால் சூம்பி, உருண்ட முனை முட்டையாகிவிடும்.

பேருந்துப் பலகையில் ‘நாகை’க்கு இது தேவையே இல்லை. ‘திருத்துறைப்பூண்டி’ அதே பலகையில் ஏற வேண்டும் என்றால்தான் ஒடுங்கு வேண்டும். அங்கே முதலில் அடிபடுவது ‘ண’. தடிப்பு ஏறும்போது மூன்று சுழியின் உள்வெளி அடைபட்டு, தூரத்தில் ‘ன’ போலத் தெரியும். எல்லா எழுத்தையும் ஒரே விகிதத்தில் ஒடுக்கினால் இதுதான் கதி. ‘ண’, ‘ணை’, ‘ஞ’, ‘ஊ’ நாலுக்கும் கொஞ்சம் கூடுதல் அகலம் விட்டு, சுழிக்குள் வரும் கோட்டை மட்டும் மெலிக்க வேண்டும்.
– மன்னார்குடியிலிருந்து

முனைக்கு ‘மழுமுனை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மழு என்றால் கோடரி! ‘உருள்முனை’ போதும். இது வெறும் அழகுக்கு அல்ல. அக்ரிலிக் பலகையைச் சுழன்று வெட்டும் 6 மி.மீ. ரவுட்டர் பிட், உள்மூலையில் 3 மி.மீ. ஆரத்தை எப்படியும் விட்டுத்தான் போகும். வினைல் ஸ்டிக்கரில் கூர்மூலைதான் முதலில் எழும்பும். முழு உருட்டுக்கு ஆரம் கோட்டுத் தடிமனில் பாதி: 24 மி.மீ. கோட்டுக்கு 12. உருண்ட முனை கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும் என்பதால், வரைகோட்டைத் தாண்டி ஒரு இழை நீட்டி வரைய வேண்டும்.

பெயரில் பயனைச் சொல்லும் பகுதிக்குத் ‘தலைப்பெழுத்து’ கூடாது, அது பெயருக்கு முன் போடும் இனிஷியல். ‘முகப்பெழுத்துரு’ என்போம். கடை முகப்புக்கும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பட்டியலை இதில் அடிக்கக் கூடாது என்பதும் பெயரிலேயே விளங்கும்.

அகலம், தடிப்பு, முனை, பயன் நான்கையும் ஒட்டி ஒரே சொல்லாக்க வேண்டாம். மென்பொருள் பட்டியலில் அகலம், தடிப்பு, முனை தனித்தனியாகவே வரட்டும். எழுத்துருக் கோப்புக்கான ஓப்பன்டைப் விதியில் அகலத்துக்கு 1 முதல் 9 வரை எண். 3 என்பது இயல்பான அகலத்தில் 75 விழுக்காடு, அது ‘ஒடுங்கு’. 87.5க்கு, அதாவது 4க்கு, ‘அரையொடுங்கு’. 62.5 விழுக்காடான 2க்கு ‘மிகையொடுங்கு’ சரிவருமா? வாய்க்குள் சிக்குகிறது; வேறு இருந்தால் சொல்லுங்கள்.
– மயிலாடுதுறையிலிருந்து