புத்தகம் படித்துத் துக்கத்திலிருந்து தேறியவர்களின் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும்?

அலமாரிக்காரன்:
நினா சாங்கோவிச்சின் 'டால்ஸ்டாய் அண்ட் தி பர்ப்பிள் சேர்' (டால்ஸ்டாயும் ஊதா நாற்காலியும், 2011) நேற்றுதான் முடித்தேன். அமெரிக்கப் பெண்மணி. அக்கா 46 வயதில் புற்றுநோயில் போய்விடுகிறார். மூன்று வருடம் நிற்காமல் ஓடிப் பார்க்கிறார், துக்கம் தீரவில்லை. தனக்கே 46 ஆகும் நாளில், 2008 அக்டோபரில், ஒரு வருடத்துக்குத் தினம் ஒரு புத்தகம் என்று உட்காருகிறார். ஒரே ஆசிரியரை இரண்டு முறை தொடக்கூடாது, ஏற்கெனவே படித்தது கூடாது, படித்த ஒவ்வொன்றைப் பற்றியும் எழுத வேண்டும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. இது துக்கமா, மண்டல விரதமா? புத்தகப் பைத்தியங்களான நமக்கு ஐஸ் வைக்கிற வேலை என்றுதான் தோன்றியது. 'பார், நீ செய்வது வெறும் பொழுதுபோக்கு இல்லை, வைத்தியம்' என்று யாராவது சொன்னால் நமக்கும் இனிக்கத்தானே செய்யும். மருந்து அலமாரியில் இருக்கும்போது, மருந்து குடித்தவர் கதை எதற்கு?

மழைக்காகிதம்:
விரதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன குறை? சாவு வீட்டில் பதினாறு நாள் காரியம் வைத்தவர்களுக்கும் தெரியும், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று.

எனக்கு உதவிய புத்தகத்தைச் சொல்கிறேன். வில் ஷ்வால்பியின் 'தி எண்ட் ஆஃப் யுவர் லைஃப் புக் கிளப்' (2012). அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய். கீமோவுக்காகக் காத்திருக்கும் நேரங்களில் அம்மாவும் மகனும் ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசுகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம், எந்த நாவலிலும் முடிவை முதலில் படித்துவிடுவார். என் அம்மாவுக்கு மருந்து சொட்டிக்கொண்டிருந்தபோது அந்த இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் கதையின் முடிவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நான் சொன்னேன். "தெரியும்டி. நீ எப்ப வாயத் திறப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அலமாரி நிறைய நல்ல நாவல் இருந்தது. எதுவும் என்னை அந்த வாயைத் திறக்க வைக்கவில்லை.

அலமாரிக்காரன்:
மன்னியுங்கள், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு உதவியது அந்தத் தாயின் ஒரு பழக்கம். 'படித்தால் தேறலாம்' என்கிற கட்சி இல்லை. என் சண்டை அந்தக் கட்சியோடு. அப்பா போனபின் ஆறு மாதம் என்னால் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. கண் ஓடும், மனம் அங்கேயே நிற்கும். அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் இந்த ரகப் புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். நான் வாசகனே இல்லையோ என்று ஆகிவிட்டது. படித்தும் தேறாதவன் எவனும் புத்தகம் எழுதுவதில்லை, அதனால் நமக்கு ஒரு பக்கக் கதைதான் கிடைக்கிறது.

நடைவண்டி:
அண்ணே, கடைசி வரியில் தப்பு செய்கிறீர்கள். எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில். 1826-ல், இருபது வயதில், அவருக்கு வாழ்க்கை சப்பென்று போய்விடுகிறது. தனக்கு ரொம்பப் பிடித்த புத்தகங்களை எடுத்துப் பார்க்கிறார், ஒன்றும் அசையவில்லை. உங்கள் ஆறு மாதம் மாதிரியேதான். அப்புறம் தற்செயலாக மார்மோன்டெல் என்ற பிரெஞ்சுக்காரரின் நினைவுக்குறிப்புகளைப் படிக்கிறார். தகப்பன் சாகிறார், சின்னப் பையன் 'இனி உங்களுக்கு எல்லாம் நான்தான்' என்று குடும்பத்துக்குத் தைரியம் சொல்கிறான். மில் அழுதுவிடுகிறார். அன்றிலிருந்து பாரம் குறைந்தது என்று சுயசரிதையில் எழுதுகிறார். ஆங்கிலக் கவி வேர்ட்ஸ்வொர்த்தை அவர் படித்தது 1828-ல், அதற்கும் பிறகு. அதிலும் ஒரு நேர்மை: இவரை விடப் பெரிய கவிகள் உண்டு, ஆனால் அப்போது எனக்கு வேண்டியது இவரிடம்தான் இருந்தது என்கிறார்.

இரண்டாவது ஆள் ஆஸ்திரியாவில் பிறந்த எழுத்தாளர் ழான் அமெரி. இவர்தான் உங்கள் கட்சி. நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமைச் சேர்ந்த மோனோவிட்ஸில் ஒரு மாலை, வேலை முடிந்து கால் இழுத்துத் திரும்பும்போது, ஒரு கொடி காற்றில் அடிப்பதைப் பார்க்கிறார். ஜெர்மன் கவி ஹோல்டர்லினின் வரிகள் வாயில் வருகின்றன. சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. கவிதை செத்துக் கிடந்தது. இன்னொரு நாள் நோயாளிகள் கொட்டடியில் ஒரு உதவியாள் ஒரு தட்டு இனிப்புக் கஞ்சி கொடுக்கிறான். குடித்ததும் தாமஸ் மன் நாவலின் பாத்திரம் முதற்கொண்டு எல்லாம் நினைவில் பொங்குகிறது. அதையும் அவர் நம்பவில்லை, வெறும் போதை என்று தள்ளிவிடுகிறார். இதெல்லாம் 1966-ல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது.

அதே மோனோவிட்ஸில் இருந்தவர்தான் இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி. சூப் எடுக்கப் போகும் வழியில் கூட வந்த பையனுக்கு இத்தாலியக் கவி தாந்தேயின் யுலிசஸ் பாடலைச் சொல்லிக் கொடுக்கிறார். நடுவில் வரிகள் மறந்துபோகின்றன. அவை கிடைத்தால் இன்றைய சூப்பைக் கொடுத்துவிடுவேன் என்கிறார். 1986-ல் அமெரிக்குப் பதில் சொல்லும்போது, அது மிகையில்லை, உண்மையிலேயே கொடுத்திருப்பேன் என்று மறுபடி எழுதினார். ஒருவருக்குக் கஞ்சி வந்த பிறகு புத்தகம், இன்னொருவருக்கு வரிக்காகச் சூப். இந்த விவாதம் நம்முடையது இல்லை, அவர்களுடையது.

வடலி:
தம்பி, நல்ல தகவல்கள். ஆனால் அவுஷ்விட்ஸ் கஞ்சித் தட்டையும் அமெரிக்க ஊதா நாற்காலியையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு இந்தப் புத்தகங்களில் இடிக்கிற விஷயம் வேறு. எல்லோரும் தனியாக உட்கார்ந்து படிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் செத்தவீட்டில் சுண்ணம் என்கிற வாசனைப் பொடி இடிக்கும்போது திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள். பாதிப் பேருக்குப் பொருள் தெரியாது, எனக்கும்தான். அம்மம்மாவின் தலைமாட்டில் நின்று நானும் உலக்கை பிடித்தேன். அழுகை அந்தத் தாளத்தோடு வந்தது. அதுவும் புத்தகம்தான், ஆனால் நான் அதை 'வாசிக்கவில்லை'. ஷ்வால்பி எனக்குப் பிடித்ததும் அதனால்தான், அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

நடைவண்டி:
லெவியோடும் ஒரு பையன் இருந்தான், அக்கா. அமெரி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இதை நான் இதுவரை யோசிக்கவில்லை.

அலமாரிக்காரன்:
அமெரியை உடனே தேடிப் படிக்கிறேன். கஞ்சி விஷயம் ஒன்று போதும் எனக்கு. வயிறு முதலில், வாசிப்பு அப்புறம்.

மழைக்காகிதம்:
அப்படியானால் அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2003 டிசம்பர் 30 இரவு, சாப்பாட்டு மேசையில் கணவர் சரிந்து இறந்துபோனார். துன்பம் வந்தால் புத்தகத்தில் தேடு என்று பழகியவர், கவிதை, மருத்துவ ஆய்வு எல்லாம் புரட்டுகிறார். கடைசியில் மனத்துக்கு நெருங்கியது எது தெரியுமா? எமிலி போஸ்ட் என்ற அம்மையார் 1922-ல் எழுதிய ஆசாரக் கையேட்டில் சாவு வீடு பற்றிய அத்தியாயம். துக்கத்தில் இருப்பவருக்குப் பசி தெரியாது, கேட்டுக்கொண்டு நிற்காதே, சூடாகக் கொஞ்சம் கையில் கொடு, தானாக வாங்கிக் குடிப்பார் என்று எழுதியிருக்கிறார்.

அலமாரிக்காரன்:
இது! இதை ஒத்துக்கொள்கிறேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பிய அன்று பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு தம்ளர் சுக்குக் காபியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அன்று உள்ளே போனது அது ஒன்றுதான். ஆனால் பாருங்கள், நீங்கள் சொல்வது ஆசாரக் கையேடு. நான் திட்டிய வகை இல்லையே.

மழைக்காகிதம்:
டிடியன் அந்த வகையை எழுதாமல் இருந்திருந்தால் 1922-ம் வருடத்துக் கையேடு உங்கள் காதுக்கு எப்படி வந்திருக்கும்?

அலமாரிக்காரன்:
சரி. சரி. ஆனால் அந்த ஊதா நாற்காலியை மறுபடி தொடமாட்டேன். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.