கருங்கண்ணிப் பருத்தியில் சட்டை: மண்ணிலிருந்து தையல் வரை எங்கெங்கே இடறும்?

கொள்முதல் பார்ப்பவர்:

முதலில் கணக்கு. கோவில்பட்டி, விருதுநகர் கரிசலில் மழை கைகொடுத்த ஆண்டில் ஒரு ஏக்கர் மானாவாரிக் கருங்கண்ணி (இந்தப் பக்கத்து நாட்டுப் பருத்தி) ஏறக்குறைய 300 கிலோ விதைப்பருத்தி, அதாவது கொட்டையோடு கூடிய பருத்தி தரும். கொட்டை பிரிய ஆலையில் அரைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, அதாவது 100 கிலோ. நூற்பில் 15 கிலோ கழிந்தால் 85 கிலோ நூல். சட்டைக்கு 400 கிராம் துணி என்று வைத்தால் ஏக்கருக்கு 200 சட்டை. இதை எழுதிப் பார்க்காமல் 2,000 சட்டைக்கு ஆர்டர் பிடிப்பவர்தான் கடைசியில் சந்தைப் பஞ்சை வாங்கிக் கலப்பார்.

விலையை கிலோ கணக்கில் பேசாமல் ஏக்கர் கணக்கில் பேசுங்கள். கிலோவுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும், மழை பொய்த்தால் நட்டம் முழுக்க சம்சாரி (விவசாயி) தலையில்தான் விழும். புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு; மாசியில் எடுப்பு தொடங்கிச் சித்திரை வரை போகும்; துணியாகி விற்க அடுத்த தீபாவளி. ஒரு வருடத்துக்கு மேல் பணம் முடங்கும், அதற்குத் தாங்கும் அளவு ஏக்கர் மட்டும் எடுங்கள்.

நிலம் பார்ப்பவர்:

"மண்ணை மீட்கிறோம்" என்று அட்டையில் அச்சடிப்பதற்கு முன் அடித்தளக் கணக்கு வேண்டும். விதைப்புக்கு முன், ஒரே நிலத்தில் 10–15 இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, V வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண் சீவி, எல்லாவற்றையும் கலந்து அரை கிலோவாகக் குறைத்து அங்ககக் கரிமம் பாருங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே மாதம், அதே ஆழம். ஆட்டுக்கிடை போட்ட கையோடு எடுத்தால் எண் எகிறும், அது பொய். மூன்று நான்கு வருடத்துக்கு முன் நம்பும்படியான மாற்றம் எதுவும் தெரியாது.

உளுந்தோ பாசியோ மல்லியோ ஊடுபயிராக இல்லாத பருத்திக்கு ஏக்கர் முன்பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பருத்தி பொய்த்தாலும் வீட்டுக்குப் பயறாவது வரும், பயறுச் செடி மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை (காய்ந்த பருத்திச் செடியை) கொளுத்தினால் ஆண்டு முழுக்கச் சேர்த்த கரிமம் ஒரே மாலையில் புகையாகிவிடும். துண்டாக்கி நிலத்தில் போட்டு, கோடையில் கிடை மறியுங்கள்.

அரவையும் நூற்பும்:

பக்கத்து வயலில் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி இருக்கிறதே, மகரந்தம் கலக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம், பி.டி. கலப்பினத்துக்கு 52, இரண்டும் எளிதில் ஒட்டாது. கலப்பு நடப்பது அரவை ஆலையில். முந்தைய லாட்டின் பஞ்சு ரோலரிலும் தரையிலும் ஒட்டியிருக்கும், கொட்டையும் மூலையில் கிடக்கும். ஆலையைப் பெருக்கி, உங்கள் பருத்தியிலேயே முதல் 25 கிலோவை ஓட்டி, அந்தப் பஞ்சையும் கொட்டையையும் தனியே ஒதுக்குங்கள். கொட்டை கலந்தால் அடுத்த ஆண்டு விதையும் போச்சு. விதைக்கென்று வைக்கும் கொட்டையைச் சாணிப்பாலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள், மேலே உள்ள பஞ்சுமயிர் படிந்து ஒன்றோடொன்று ஒட்டாமல் விழும்.

நூற்பில் பெரிய ஆலைகளின் இயந்திரம் நீண்ட இழைக்குப் பூட்டியது. கருங்கண்ணி குட்டை இழை; அதே அமைப்பில் ஓட்டினால் கழிவு கூடும், நூலில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும். 20-ஆம் எண்ணுக்கு மேல் ஆசைப்படாதீர்கள் (எண் கூடக் கூட நூல் மெலிது). ஒற்றை நூலைப் பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) போட்டால் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். பாவுக்கு இரட்டைப் புரி, ஊடைக்கு (குறுக்கு நூலுக்கு) ஒற்றை. கஞ்சி பாய்ச்சுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாயப்பட்டறை:

மேலே சொன்ன கஞ்சிதான் எங்கள் முதல் எதிரி. துணி எடையில் 2–3 சதவீதம் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தவுடன் உள்ளே போக வேண்டும், முத்தாக நின்றால் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

அவுரி நீலத்துக்குத் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்து நொதிக்கவிடும் தொட்டி நம் பக்கத்துப் பழைய முறை. சுண்ணாம்பு ஊற்றிக் காரத்தன்மையை pH 10.5–11-ல் வையுங்கள். மேலே செம்பு நிறப் படலம், கிளறினால் உள்ளே மஞ்சள்பச்சை: அப்போதுதான் துணி இறங்கலாம். உள்ளே நீலமாகவே இருந்தால் நீலம் இன்னும் கரையவில்லை. pH 9-க்குக் கீழே போனால் கெட்ட வாடை வரும். சுண்ணாம்பைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் நுண்ணுயிர் செத்துத் தொட்டி தூங்கிவிடும். ஒருமுறை நீளமாக முக்குவதைவிட, 5–10 நிமிட முக்கு, 15 நிமிடக் காற்று என்று ஆறேழு தடவை நல்லது. அக்குளில் நீலம் ஒட்டுகிறது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இந்த அவசரம், மீதி அரைகுறை அலசல். அவுரித் தழைச் சக்கை உரமாக வயலுக்கே போகட்டும்.

மற்ற நிறங்களுக்குச் சாயம் பிடிக்கக் கடுக்காய் துணி எடையில் 15–20 சதவீதம், அடுத்துப் படிகாரம் 15. சாம்பல் நிறத்துக்கு அன்னபேதி (இரும்பு உப்பு) 2 சதவீதத்தைத் தாண்டினால் நாளடைவில் துணி நைந்து கிழியும். மயில்துத்தம் (செம்பு உப்பு) வேண்டவே வேண்டாம். மஞ்சள்கிழங்கு வெயிலில் நிற்காது, வாடிக்கையாளர் கேட்டாலும் மறுங்கள்.

இயற்கைச் சாயம் என்பதால் கழிவுநீரைச் சாக்கடையில் விடலாம் என்று நினைக்காதீர்கள். நொய்யல் கெட்டு, 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது எதற்காக என்பதை மறக்கக் கூடாது. படிகார நீரை அடுத்த லாட்டுக்குப் பாதிப் படிகாரம் கூட்டித் திரும்பப் பயன்படுத்துங்கள். கடைசியில் சுண்ணாம்பால் சமன்செய்து வண்டலைப் பிரியுங்கள்.

தையல்:

தறியிலிருந்து இறங்கிய துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டக் கூடாது. 5–8 சதவீதம் சுருங்கும், 40 அளவுச் சட்டை 38 ஆகித் திரும்பி வரும். துணியின் அகலத்தை நெசவாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். உடல் பாகங்கள் கரையிலிருந்து கரைக்கு அடங்கும்படி அகலம் வைத்தால் வெட்டுத்துண்டு வெகுவாகக் குறையும். வேட்டியும் புடவையும் துண்டே விழாமல் உடுத்தப்படுபவைதானே.

மண்ணில் மக்கும் என்று விற்ற சட்டையைப் புதைத்துப் பார்த்தால் துணி போயிருக்கும், பாலியெஸ்டர் தையல்நூலும் லேபிளும் பொத்தானும் எலும்புக்கூடு மாதிரி கிடக்கும். பருத்தித் தையல்நூல், பருத்தி நாடாவில் அச்சிட்ட லேபிள், சிரட்டைப் பொத்தான் போடுங்கள். பருத்தி நூல் வலு குறைவு. இழுவிசையைத் தளர்த்தி, அக்குள் மூட்டில் இரட்டைத் தையல் ஓட்டுங்கள். காலருக்குள் ஒட்டும் கேன்வாஸில் பிசின் பூச்சு உண்டு, அதற்குப் பதில் அதே துணியில் இன்னொரு மடிப்பு. காலர் விறைப்பாக நிற்காது என்பதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.