மார்ச் மாதக் கலங்கலில் மஸ்கி: தகடா, ரப்பரா, கட்டையா?

ஓடைக்காரன்

மேற்கு வர்ஜீனியாவில் லிட்டில் கனாவா ஆறு. பர்ன்ஸ்வில் அணையிலிருந்து இறங்கி பார்க்கர்ஸ்பர்க்கில் ஒகாயோ ஆற்றோடு சேருமே, அதுதான். மார்ச் கடைசியில் அங்கே மஸ்கி (பைக் இனத்துப் பெரிய வேட்டைமீன்) பிடிக்கப் போகத் திட்டம். இப்போது தண்ணீர் 47 டிகிரி ஃபாரன்ஹீட் (8 செல்சியஸ்). மழைக்குப் பிறகு பால் ஊற்றிய டீ நிறத்தில் ஓடுகிறது. வெள்ளை லூரை (செயற்கை இரை) ராட் (தூண்டில் கோல்) நுனியிலிருந்து இறக்கினால் 10 அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

சின்ன அலுமினியப் படகு, எட்டரை அடி ஹெவி ராட், 80 பவுண்ட் தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்). மூன்று லூர்தான் எடுத்துப் போகலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? காரணத்தோடு சொன்னால் நல்லது. கடையில் கேட்டால் "பெருசா, பளிச்சுன்னு" என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்வதில்லை.

தகடுதான்தெய்வம்

இதில் யோசிக்க என்ன இருக்கு? கொலராடோ தகடு வைத்த பக்டெயில், அதாவது முன்னால் சுழலும் தகடும் பின்னால் மயிர்க்கொத்தும் உள்ள லூர். 10 அங்குலக் கலங்கலில் மஸ்கி கண்ணால் வேட்டையாடாது, உடம்பின் பக்கவாட்டில் ஓடுகிற உணர்கோட்டால் அதிர்வைப் பிடித்துத்தான் வரும். வட்டமான கொலராடோ தகடு அச்சிலிருந்து நன்றாக விரிந்து சுற்றும், தண்ணீரைக் குத்தும். இலை மாதிரி நீண்ட வில்லோ தகடு உடம்போடு ஒட்டிச் சுற்றும், மின்னும், ஆனால் தள்ளாது. மின்னுவதற்கு வெளிச்சம் வேண்டும், அது உங்கள் ஆற்றில் இப்போது இல்லை.

எண் 8 அளவில் ஒற்றைத் தகடு போதும். இரட்டை எண் 10 எல்லாம் ஜூலைக்கு. அவ்வளவு பெரிய தகடுகள் லூரை மேலே தூக்கும், ஏறக் கூடாது என்று இழுப்பை ரொம்பக் குறைத்தால் தகடு செத்துவிடும். படகின் ஓரத்தில் இழுத்துப் பார்த்து, எந்த வேகத்துக்குக் கீழே தகடு நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதற்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் உங்கள் வேகம். ராட் நுனியில் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கையில் தெரிய வேண்டும்.

மெதுவாஇழு

தகடு அண்ணன் பாதி உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அதிர்வை மீன் உணரும், சரி. உணர்ந்த மீன் 47 டிகிரியில் எழுந்து துரத்துமா? மஸ்கியின் ரத்தமும் தண்ணீரின் வெப்பந்தான். கரையோரக் கட்டைக்கடியில் நீரோட்டம் படாத ஒதுக்கில் ஒட்டிக் கிடக்கும். பக்டெயில் அந்த இடத்தில் இரண்டு விநாடி இருக்குமா? நிறுத்தினால் மூழ்கும், நிறுத்தாவிட்டால் போய்விடும்.

அந்த இடத்திலேயே தொங்குகிற லூர் வேண்டும். 9 அங்குல சூயிக், அதாவது இழுத்தால் முங்கி நிறுத்தினால் மிதந்தெழும் மரக்கட்டை லூர், எடை கூட்டியது. வாலில் உள்ள உலோகத் தகட்டைக் கொஞ்சம் கீழே வளைத்தால் ஆழம் போகும். ஒரு இழுப்பு, 4 அல்லது 5 விநாடி நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. எடை கூட்டாத சூயிக் நிறுத்தின உடனே மேலே வந்துவிடும், அது உதவாது. பின் கொக்கியின் தண்டில் ஈயக் கம்பி சுற்றி, ஒரு அடி மேலே வர 4 விநாடி ஆகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதை வீட்டு வாளித் தண்ணீரில் சரிபார்க்காதீர்கள், ஆற்றிலேயே பாருங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கொஞ்சம் கூடுதல். 75 டிகிரித் தண்ணீரில் அசையாமல் நின்ற லூர் 47-ல் மெல்ல மேலே ஏறும்.

கட்டைக்குள்ளே

@மெதுவாஇழு, நிறுத்தம் பற்றிச் சொன்னது தெளிந்த தண்ணீருக்குப் பொருந்தும். கலங்கலில் அதுவே கெடுதல். கண் தெரியாத மீன் லூர் இருக்கும் இடத்தை அதிர்வை வைத்துக் கணிக்கிறது. சூயிக் இழுக்கும்போது முன்னே பாய்கிறது, பிறகு 5 விநாடி சத்தமே இல்லை. மீன் வாயைத் திறந்து வரும்போது லூர் அங்கே இல்லை. கலங்கலில் "முட்டியது, மாட்டவில்லை" என்று புலம்புகிறவர்கள் பாதிப் பேர் கிளைடு, ஜெர்க் என்று விட்டுவிட்டு இழுக்கிற லூர் போடுகிறவர்கள்தான். நேர் கோட்டில், ஒரே வேகத்தில், விட்டுவிடாமல் அதிர்கிற லூர்தான் கலங்கலுக்கு.

ஆனால் பக்டெயிலும் அங்கே சரிப்படாது, வேறு காரணத்தால். லிட்டில் கனாவா கரை முழுக்க விழுந்த மரங்கள். மூன்று முள் கொக்கி இரண்டு தொங்குகிற பக்டெயிலைக் கிளைகளுக்குள் எறிந்தால் மாலைக்குள் மூன்று லூரும் மரத்துக்குக் காணிக்கை.

என் ஓட்டு: மஸ்கி அளவு ஸ்பின்னர்பெய்ட். ஊக்கு மாதிரி வளைந்த கம்பி, மேல் கையில் கொலராடோ, கீழே தலையோடு ஒற்றைப் பெரிய கொக்கி, முனை மேல் நோக்கி. ஒன்றரை முதல் 2 அவுன்ஸ். கம்பி முதலில் கிளையில் மோதும், தகடு அதன் மேல் ஏறிப் புரளும், கொக்கி பின்னால் ஒளிந்து வரும். கிளையைத் தாண்டியதும் ஒரு கணம் விடுங்கள், தகடு சுற்றியபடி ஒரு அடி விழும். கடி பெரும்பாலும் அங்கேதான். கம்பி வளைந்துபோனால் தகடு கொக்கிக்கு நேர் மேலே வருமாறு நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் லூர் சாய்ந்து ஓடும்.

தகடுதான்தெய்வம்

ஸ்பின்னர்பெய்டும் கொலராடோ தகடுதானே சாமி. என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி 😄

கட்டைக்குள்ளே

தகட்டில் எனக்குச் சண்டையே இல்லை, கொக்கியில்தான்.

மெதுவாஇழு

"சத்தமே இல்லை" என்பது தப்பு. 9 அங்குலக் கட்டை ஒரு இழுப்பில் தள்ளுகிற தண்ணீர் கொஞ்சமா? மீன் அதைக் கேட்டுத் திரும்ப நேரம் கொடுப்பதற்குத்தான் நிறுத்தமே. நீங்கள் சொல்கிற தவறு இழுப்பில் இருக்கிறது. கோடையில் இழுக்கிற மாதிரி இரண்டடி பிடுங்கினால் லூர் இடத்தைவிட்டு ஓடத்தான் செய்யும். ராட் நுனி 8 அங்குலம் நகர்ந்தால் போதும், தொய்வை மட்டும் சுற்றி எடுக்க வேண்டும்.

கட்டை பிடிக்காதவர்களுக்கு ரப்பர். 9 அங்குல புல் டாக், ஆனால் 4 அடி ஆழத்துக்கு வழக்கமான எடை வேண்டாம். அது மளமளவென்று இறங்கி அடிக்கட்டையில் குத்திக்கொள்ளும். ஆழமற்ற நீருக்கென்று எடை குறைத்த வகை உண்டு, அதை எடுங்கள். சுருள் வால் விழும்போதும் துடிக்கும், ஆகவே நிறுத்தத்திலும் அதிர்வு உண்டு. கட்டைக்குள்ளேவின் புகாருக்கு அதுவே பதில்.

ஸ்கார்பரோதூண்டில்

ரப்பரைப் பற்றி ஒரு சின்ன விசயம் சொல்லிவிட்டுப் போறன். அதைப் பிளாஸ்டிக் லூருகளோட ஒரே பெட்டிக்குள்ள போட்டு வைக்காதேங்கோ. ரப்பரில கிடக்கிற எண்ணெய் மற்றதின்ர பெயின்டை உருக்கி ரெண்டையும் ஒட்ட வைச்சிடும்.

மற்றது, எல்லாரும் லூரைப் பற்றியே கதைக்கிறியள். மார்ச் கடைசியில பெட்டைமீன் வயிறு நிறையச் சினையோட நிக்கும். 50 டிகிரி தாண்டினால் முட்டையிடத் தொடங்கிடும். இஞ்ச ஒன்டாரியோவில ஜூன் வரைக்கும் மஸ்கிக்குத் தடை. பிடிச்சு விடுறதுக்கெண்டு தேடிப் போறதும் குற்றம். உங்கட மாநிலத்தில திறந்திருக்கெண்டதுக்காக அதைச் செய்யத்தான் வேணுமோ?

கட்டைக்குள்ளே

நியாயமான கேள்வி ஐயா. மேற்கு வர்ஜீனியாவில் மஸ்கிக்கு மூடிய காலமே கிடையாது. பர்ன்ஸ்வில் ஏரியில் 51 பவுண்ட் மாநிலச் சாதனை மீன் பிடிபட்டதும் 2022 மார்ச்சில்தான். பெரிய மீன் வேண்டும் என்று இந்த மாதத்தில் வருகிறவர்கள் சினைமீனைத் தேடித்தான் வருகிறார்கள், அதை மறைக்க வேண்டாம். 47 டிகிரித் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளம், கோடையைவிட மீன் சீக்கிரம் தேறும். ஆனால் ஓடை முகப்பிலும் ஆழமில்லாத ஒதுக்கிலும் ஜோடியாக நிற்கிற மீனைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

பிடித்தால் மீனை வலைக்குள்ளேயே, தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியை எடுங்கள். நீண்ட மூக்கு இடுக்கியும் கொக்கி வெட்டும் கட்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆழமாக மாட்டியிருந்தால் பிடுங்காதீர்கள், முள்ளை வெட்டுங்கள். புதுக் கொக்கி இரண்டு டாலர்தான். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கிப் படம் எடுக்கவே கூடாது, சினையோடு உள்ள மீனில் முழுப் பாரமும் தாடையிலும் முதுகெலும்பிலும் இறங்கும்.

ஸ்கார்பரோதூண்டில்

எனக்கு மனம் ஒப்பேல்ல, ஆனால் நீங்கள் சொல்லுற விதம் சரி. கொக்கியின்ர எதிர்முள்ளையும் இடுக்கியால நசுக்கிவிடச் சொல்லுங்கோ.

ஓடைக்காரன்

நன்றி ஐயா, எதிர்முள்ளை நசுக்கிவிடுகிறேன். நிறத்துக்கு வருவோம். கறுப்பு என்று ஒருவர், ஃபயர்டைகர் (மஞ்சள்பச்சை, ஆரஞ்சு, கறுப்புக் கோடு) என்று ஒருவர். இதற்காவது ஒரு முடிவு உண்டா?

தகடுதான்தெய்வம்

கறுப்பு. கீழிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வானத்துக்கு எதிரே உருவம் தெரியும்.

மெதுவாஇழு

10 அங்குலத்தில் மறைகிற தண்ணீரில் வானம் எங்கே தெரியும்? களிமண் துகள் நீலத்தையும் ஊதாவையும்தான் முதலில் சிதறடித்து விழுங்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புதான் கொஞ்சம் தூரம் ஊடுருவும். அதனால் மஞ்சள்பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு. ஆனால் ஒன்று, மீன் நிறத்தைப் பார்ப்பது கடைசி ஒரு அடியில்தான். நிறத்தை வைத்து மீன் வராது, வந்த மீன் குறி தவறாமல் இருக்க நிறம் உதவும்.

கட்டைக்குள்ளே

மேகமூட்டத்திலும் மாலையிலும் கறுப்பு, வெயிலில் ஆரஞ்சு. ஒரே லூரில் இரண்டும் வேண்டுமென்றால் கறுப்பு உடம்பு, ஆரஞ்சு தகடு. நிறத்தில் இதற்கு மேல் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது நூறு மடங்கு முக்கியம், அதை இங்கே யாரும் கேட்கவே இல்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நீர்மட்டக் கணக்கு இணையத்திலேயே கிடைக்கும். ஏறுகிற ஆற்றில் இலையும் சருகும் குச்சியும் மிதந்து வரும். பக்டெயிலின் கம்பியில் ஒரு இலை சிக்கினால் போதும், தகடு நின்றுவிடும், நீங்கள் செத்த லூரை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். ராட் நுனித் துடிப்பு நின்றால் சட்டென்று சுற்றி எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி எறியுங்கள். உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய இரண்டாம் நாளுக்குப் போங்கள். குப்பை வடிந்திருக்கும், லூர் கண்ணுக்குத் தெரிகிற ஆழமும் 10 அங்குலத்திலிருந்து 15-க்கு வந்திருக்கும்.

இடத்துக்கு, தெளிந்த ஓடை கலங்கல் ஆற்றில் சேர்கிற கோடு. அங்கே கலங்கல் பக்கம் நிற்கும் மீன், தெளிந்த பக்கம் வருகிற சக்கர் என்ற இரைமீனுக்காகக் காத்திருக்கும். இன்னொன்று, தெற்கு பார்த்த கரை. கலங்கல் தண்ணீர் வெயிலைச் சீக்கிரம் உறிஞ்சும். ஒதுக்கான ஆழமில்லாத இடத்தில் பிற்பகல் 3 மணிக்கு இரண்டு மூன்று டிகிரி கூடியிருக்கும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவதற்குப் பதில் தூங்குங்கள்.

தகடுதான்தெய்வம்

இலை விசயத்தில் மறுக்க முடியாது. இறங்குகிற ஆறு என்றால் என் பக்டெயில், ஏறுகிற ஆறு என்றால் உங்கள் ஸ்பின்னர்பெய்ட். ஆனால் எறிகிற திசை? ஓட்டத்தோடு கீழ்நோக்கி இழுத்தால் தகடு சுற்ற வேகமாகச் சுருட்ட வேண்டும். கீழ்ப்பக்கம் எறிந்து எதிர்நீச்சலாக இழுத்தால் ஓட்டமே தகட்டைச் சுற்றும், லூர் நகர்வது கொஞ்சந்தான். குளிருக்கு இதைவிட என்ன வேண்டும்?

மெதுவாஇழு

மீன் ஓட்டம் வருகிற பக்கம் தலை வைத்து நிற்கிறது. எதிர்நீச்சலாக வந்தால் லூர் அதன் வாலுக்குப் பின்னாலிருந்து வரும். எந்த இரைமீன் அப்படி மஸ்கியின் முதுகில் ஏறும்?

கட்டைக்குள்ளே

அதனால்தான் இரண்டும் இல்லாமல் குறுக்கே. படகு ஆற்று நடுவில், கரைக்கு நேராக எறியுங்கள், ஓட்டம் லூரை வளைத்துக் கீழே கொண்டுபோகட்டும். வளைவு முடிந்து நூல் நேரானதும் உடனே சுருட்டாதீர்கள். ஓட்டமும் ஒதுக்கும் உரசுகிற கோட்டில் லூர் சுற்றிக்கொண்டே நிற்கும், மூன்று விநாடி விடுங்கள்.

லூர் படகருகே வந்ததும் ராட் நுனியால் தண்ணீரில் எட்டு வடிவம் போடுவதையும் எல்லாரும் மறந்துவிட்டீர்கள். கலங்கலில் பின்னால் வருகிற மீன் கடைசி ஒரு அடி வரை தெரியாது, அதனால் மீன் வந்ததோ இல்லையோ ஒவ்வொரு எறிதலுக்கும் எட்டு. ராட் நுனி தண்ணீருக்குள் இரண்டு அடி, லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் கெட்டியான துண்டு) நுனியில் படக் கூடாது, திருப்பங்கள் அகலமாக, குறைந்தது இரண்டு சுற்று. குறுகிய திருப்பத்தில் தகடு நின்றுவிடும், மீனும் லூரைத் தொலைத்துவிடும்.

ஓடைக்காரன்

அப்போது 2 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட், எண் 8 பக்டெயில், எடை குறைந்த ரப்பர். லீடருக்கு 130 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் போதுமா? சூயிக்கை விட்டுவிட்டதற்கு மெதுவாஇழு அண்ணன் கோபப்படக் கூடாது.

மெதுவாஇழு

கோபம் இல்லை தம்பி, சூயிக்கைக் கோடையில் வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டு லூருக்கு ஃப்ளூரோகார்பன் ஒரு அடி சரி. கட்டைக்குள் உரசி வெள்ளையாகத் தெரிகிற இடம் வந்தால் அங்கேயே வெட்டி மாற்றுங்கள். கலங்கலில் லீடரை மீன் பார்க்கப்போவதில்லை, எஃகுக் கம்பி லீடரே போட்டாலும் குறைவில்லை.

கட்டைக்குள்ளே

அணைக்குக் கீழே நிற்கும்போது லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், 47 டிகிரித் தண்ணீரில் விழுந்தால் நல்ல நீச்சல்காரனுக்கும் கை கால் சில நிமிடங்களிலேயே மரத்துவிடும்.