விண்டோஸ் 10 அப்டேட் நின்னுருச்சு, பேஜ்மேக்கர் கடைக்கு லினக்ஸா மேக்கா புது விண்டோஸா? உதவி பண்ணுங்க

கல்லுக்கட்டி டிடிபி அக்கா:
வணக்கம். காரைக்குடி கல்லுக்கட்டிகிட்ட சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, சாந்திப் பத்திரிகை (அறுபதாம் கல்யாணம் மாதிரி), கூடவே ஜெராக்ஸ். ஒரே கம்ப்யூட்டர்தான், நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதுன்னு திரைல வந்து நிக்குது, 11 போடலாம்னா இந்த மிஷினுக்கு ஏறாதுங்குது. வாங்குன கடைல கேட்டா புதுசு எடுங்கக்கா அம்பதாயிரம்ங்கிறாங்க. அக்கா மகன் ஆப்பிளோட மேக் மினி வாங்கச் சொல்றான், ஆடிட்டர் ஆபீஸ் பையன் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க காசே வேணாம்ங்கிறான், மூணு பேரும் மூணு பக்கம் இழுக்குறாங்க. நான் ஓட்டுறது பத்திரிகை பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் 7, பாமினி ஃபாண்ட், படம் வரைய கொஞ்சம் கோரல் டிரா, ராத்திரில தம்பியோட ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக் கணக்கு டாலில. ஆன் பண்ணி விண்டோஸ் வர்றதுக்குள்ள ஒரு காபி குடிச்சிரலாம். எது எடுத்தா பொழப்பு ஓடும்?

தேவகோட்டை டிசைனர் (இப்ப சென்னை):
அக்கா நான் பத்து வருஷமா மேக்லதான் வேல பாக்குறேன், கலர் சுத்தமா தெரியும், தமிழ்99, அஞ்சல் ரெண்டு கீபோர்டும் அதுலயே இருக்கு, எதையும் தனியா ஏத்த வேண்டியதில்ல. ஆனா உங்களுக்கு வேணாம். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல, இப்பத்த மேக்ல அது திறக்கவே திறக்காது. டாலியும் விண்டோஸுக்குத்தான். கோரல் மட்டும் 2019-ல திரும்ப மேக்குக்கு வந்துச்சு, அதுக்கும் தனியா காசு கட்டணும். பேஜ்மேக்கருக்கு அப்புறம் வந்த இன்டிசைன்ல புதுசா ஆரம்பிக்கிறவுகளுக்கு மேக் சரி, பழைய ஃபைல வச்சுப் பொழைக்கிறவுகளுக்கு அது அழகான பீரோ, சாவி இல்ல.

ஹார்டுவேர் மாப்ள:
காபி குடிக்கிற நேரம் ஆகுறது விண்டோஸோட குத்தம் இல்லக்கா. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல டிஸ்க்னு இருக்குற இடத்துல 100 சதவீதம் செவப்பா நிக்கும் பாருங்க. எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் ஒண்ணு போட்டு இன்னொரு 4 ஜிபி ரேம் சொருகுனா அதே மிஷின் பறக்கும். 11 ஏறாததுக்குக் காரணம் வேகம் இல்ல, பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப்பு வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறையாவது இருக்கணும்னு கம்பெனி கோடு போட்டிருக்கு. விண்டோஸோட உள் செட்டிங்கான ரெஜிஸ்ட்ரில எதையோ மாத்தி ஏத்திரலாம்னு யூடியூப்ல சொல்லுவாய்ங்க, ஏறும், ஆனா அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கு. இல்ல 10-லயே இருக்கேன்னா ஈஎஸ்யூன்னு ஒண்ணு இருக்கு, 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும், அப்டேட் செட்டிங்ஸ்லயே பதிஞ்சுக்கலாம். ஆமா, விண்டோஸ் ஒரிஜினல்தானே?

கல்லுக்கட்டி டிடிபி அக்கா:
தம்பி அந்தக் கடைசிக் கேள்விய மட்டும் விட்ருங்க. செவப்பா 100 நிக்கிறது நெசந்தான். ஈஎஸ்யூ பாத்தேன், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள வரச் சொல்லுது, ஒரு வருஷத்துல மறுபடி இதே பாடுதானே.

மின்ட்டு மணி:
லினக்ஸ்லயே ஒரு வகையான லினக்ஸ் மின்ட் பாருங்கக்கா, எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான பதிப்பு, 4 ஜிபிக்குப் போதும். அதோட 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும். முதல்ல இன்ஸ்டால் பண்ணாதீங்க, பென் டிரைவ்ல எழுதி, ஆன் பண்றப்ப எஃப்12 தட்டி (சில போர்டுல வேற கீ) அதுல இருந்தே ஓட்டிப் பாருங்க, ஹார்ட் டிஸ்க்கத் தொடாது. திரைல இன்ஸ்டால்னு ஒரு ஐக்கான் இருக்கும், அதுல மட்டும் கை வச்சிராதீங்க. தமிழ்99 அடிக்க ஐபஸ் எம்17என்னு ஒரு பேக்கேஜ் போட்டா போதும். பாமினி இங்கிலீஷ் எழுத்து இருக்குற இடத்துல தமிழ் உருவத்த வச்ச வெறும் ஃபாண்ட் ஃபைல்தான் (டிடிஎஃப்), லினக்ஸ்லயும் தெரியும். பேஜ்மேக்கர், கோரல், டாலி மூணுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாதுங்கிறத மறைக்க மாட்டேன். விண்டோஸ் புரோகிராம லினக்ஸ்ல ஓட்டுற வைன்னு ஒண்ண வச்சு ஓட்டலாம்பாங்க, திறக்குறது வேற, முகூர்த்த நாளைக்கு முந்துன ராத்திரி பிரிண்ட் எடுக்குறது வேற.

கல்லுக்கட்டி டிடிபி அக்கா:
ஞாயித்துக்கிழமை கடைய சாத்திட்டு பென் டிரைவ்ல ஓட்டிப் பாத்தேன். பிரிண்டர தானே கண்டுபிடிச்சிருச்சு, ஸ்கேனும் வந்துச்சு. மின்ட்டோட வர்ற லிப்ரே ஆபீஸ்ல பழைய பத்திரிகை ஒண்ணத் திறந்தா தமிழ்னு இருக்க வேண்டிய இடத்துல ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு வரிசையா இங்கிலீஷ் எழுத்து. பயந்துட்டேன், அப்புறம் பாமினி ஃபைல ஃபாண்ட் ஃபோல்டர்ல போட்டதும் தமிழாயிருச்சு. அடுத்தது ஒரு கூத்து. லிப்ரே ஆபீஸ்ல புதுசா அன்புடையீர்னு அடிக்கிறேன், ஆன்புடையீர்னு ஆயிருது, அழிச்சு அடிச்சாலும் அதேதான். கீபோர்டு போச்சுன்னே நெனச்சேன்.

மின்ட்டு மணி:
ஹாஹா, கீபோர்டு இல்லக்கா. பாமினில சின்ன எம் தட்டுனா அ, பெரிய எம்னா ஆ. அது வாக்கியம் ஆரம்பிக்குதுன்னு நெனச்சு முதல் எழுத்தப் பெருசாக்குது. டூல்ஸ்ல ஆட்டோகரெக்ட்டுக்குள்ள போயி அதுக்கு இருக்குற டிக்க எடுத்துருங்க.

தேவகோட்டை டிசைனர் (இப்ப சென்னை):
என்னக் கேட்டா ரெண்டையும் வச்சுக்கங்க. புது எஸ்எஸ்டில மின்ட், பழைய டிஸ்க்ல விண்டோஸ் அப்படியே கெடக்கட்டும், பேஜ்மேக்கருக்கும் டாலிக்கும் மட்டும். விண்டோஸ்ல இருக்குறப்ப நெட் வயர உருவிருங்க. வாட்ஸ்ஆப்ல வர்ற படம், பேங்க், ஜிஎஸ்டி சைட் எல்லாம் மின்ட்லயே. டாலில இருந்து ரிட்டன் ஃபைல எடுத்து பென் டிரைவ்ல கொண்டு வந்து ஏத்திக்கலாம்.

ஹார்டுவேர் மாப்ள:
சரியான யோசனை. மின்ட் ஏத்துறப்ப பழைய டிஸ்க்கோட கேபிளக் கழட்டி வச்சிருங்க, தப்பித் தவறியும் அதுல எழுதாது. அதுக்கும் முந்தி பத்திரிகை ஃபைல் மொத்தத்தையும் வெளி டிஸ்க் ஒண்ணுல காப்பி எடுத்துருங்க, அந்தப் பழைய டிஸ்க்க நான் நம்பல.

கல்லுக்கட்டி டிடிபி அக்கா:
போட்டாச்சு. மின்ட் சீக்கிரம் வந்துருது, காபி குடிக்க நேரமே இல்ல. இன்னொரு தலைவலி என்னன்னா மின்ட்ல இருந்துட்டு விண்டோஸுக்குப் போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பதினொன்னரைன்னு காட்டுது. செல்லு போயிருச்சோன்னு போர்டுல இருக்குற பேட்டரிய மாத்திட்டேன், அப்பயும் அதேதான்.

மின்ட்டு மணி:
பேட்டரி காச வேஸ்ட் பண்ணிட்டீங்களேக்கா. லினக்ஸ் போர்டுல இருக்குற கடிகாரத்த கிரீன்விச் நேரத்துக்கு வைக்கும், விண்டோஸ் அத இந்திய நேரம்னு எடுத்துக்கும், அதான் கரெக்டா அஞ்சரை மணி. நெட் இருந்தா விண்டோஸ் தானே சரி பண்ணியிருக்கும், நீங்கதான் வயர உருவிட்டீங்களே. மின்ட்ல டெர்மினலத் திறந்து டைம்டேட்சிடிஎல், ஒரு இடைவெளி, செட் லோக்கல் ஆர்டிசி மூணையும் நடுவுல கோடு போட்டு சேத்து, ஒரு இடைவெளி, 1-னு இங்கிலீஷ்ல அடிங்க. இனி ரெண்டும் ஒரே நேரத்தப் பேசும்.

கல்லுக்கட்டி டிடிபி அக்கா:
ஆயிருச்சு தம்பி, ரெண்டு பக்கமும் இப்ப 7.40. ஒரு பிள்ளையார்பட்டிப் பத்திரிகை புரூஃப் நிக்குது, வயர உருவிட்டு பேஜ்மேக்கருக்குப் போறேன்.