டாக்சி தாத்தா வூடு (வாட்ஸ்அப் குழு)

வெள்ளி, இரவு 8:40

நான்: (படம்)

நான்: தாத்தா அலமாரில இருந்த பொம்மை அம்பாசடர் காரு. இடது பக்க சைடு கண்ணாடி ஒடஞ்சிருக்கு. யாரோ ஃபெவிக்விக் ஊத்தி ஒட்டப் பாத்து, அது கதவு மேல வழிஞ்சி காஞ்சி போச்சி. முன்சக்கரம் ரெண்டும் சுத்தல. ஞாயித்துக்கெழமை தாத்தா சதாபிஷேகத்துல மணவறை பக்கத்துல வைக்கப் போறது இதத்தான். பசைய எப்டி எடுக்கறதுன்னு யாருக்காவது தெரியுமா?

அத்தை ராணிப்பேட்டை: ஐயோ

அத்தை ராணிப்பேட்டை: யார் வேல இது

சித்தி பெங்களூர்: நித்தின்தான் அண்ணி. போன வாரம் அங்க வந்தப்போ. பயந்துக்கினு இப்பதான் சொல்றான்

சித்தப்பா: நான் வாங்கிக் குடுத்த காராச்சே அது

அத்தை ராணிப்பேட்டை: வாங்கிக் குடுத்தவன் நீ, ஒடச்சவன் உன் புள்ள

அம்மா: கொழந்த தான அண்ணி, வுடுங்க

அக்கா குடியாத்தம்: நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டு தொடச்சா போய்டும். எங்க வூட்ல கீது

மாமா ராணிப்பேட்டை: வேணாம்

மாமா ராணிப்பேட்டை: யாரும் எதையும் ஊத்தாதீங்க. டைப் பண்றேன் இருங்க

அப்பா: ஹால்லேர்ந்து கேக்கறாங்க. 150 எலையா, 200 எலையா?

சித்தப்பா: 150

அத்தை ராணிப்பேட்டை: 200. எங்க பக்கத்து ஆளுங்கள விட்டுட்டியா

மாமா ராணிப்பேட்டை: 26 வருசம் ஷூ கம்பெனில பசையோடவே கெடந்தவன் சொல்றேன், பொறுமையா படிங்க. ரிமூவர்னா பெரும்பாலும் அசிட்டோன். அது இந்தப் பசையக் கரைக்கும், நெசந்தான். ஆனா காரோட கண்ணாடி, பம்பர் எல்லாம் பிளாஸ்டிக்கு. பட்ட எடம் கொழகொழன்னு ஆயிடும், கண்ணாடி வெடிப்பு வுட்டு பால் மாதிரி வெளுத்துடும். பாடி மெட்டலு, அது தாங்கும். மேல இருக்கற மஞ்ச பெயிண்ட்டு தாங்காது. அசிட்டோன் இல்லாத ரிமூவர்னு விக்கறாங்களே, அதுவும் பிளாஸ்டிக்கத் தின்னும். தின்னரும் அதே கததான்.

மாமா ராணிப்பேட்டை: குளிர்தான் இதுக்கு மருந்து. காஞ்ச பசை சில்லுனு ஆனா அப்பளம் மாதிரி நொறுங்கும். பாப்பா, கார கவர்ல போட்டு நல்லா கட்டி ராத்திரி ஃப்ரீசர்ல வை. காலைல எடுத்த ஒடனே, குளிர் போறதுக்குள்ள, பல்லு குத்தற மூங்கில் குச்சியால ஓரத்துலேர்ந்து நெம்பு. கத்தி, பிளேடு எதுவும் கிட்ட வரக்கூடாது. நேரா இழுத்தா இந்தப் பசை வுடவே வுடாது. ஓரத்துலேர்ந்து உரிச்சா வுட்டுடும்.

அம்மா: ஃப்ரீசர்ல மட்டன் கீது

அத்தை ராணிப்பேட்டை: சதாபிஷேகத்த வெச்சிக்கினு வூட்ல மட்டனா

அம்மா: திங்கக்கெழமைக்கு அண்ணி. வெளியூர்லேர்ந்து வந்தவங்க சாப்டாம போவாங்களா

அத்தை ராணிப்பேட்டை: அப்பா காரு மட்டும் அது பக்கத்துல வேணாம்

நான்: மேல் தட்டுல ஐஸ் டிரேவ எடுத்துட்டு வெச்சிட்டேன் அத்தை

சனி, காலை 6:52

நான்: (படம்)

நான்: வந்துடுச்சி மாமா!! கதவு மேல இருந்தது நகத்துண்டு மாதிரி டப்புனு தெறிச்சிது. பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆவல. அந்தப் பசைத் துண்டுல நித்தின் கட்டவெரல் ரேகை அப்டியே பதிஞ்சிருக்கு

சித்தி பெங்களூர்: அதத் தூக்கிப் போடாதம்மா. எடுத்து வை

நான்: வலது சக்கரம் சுத்துது. இடதுதான் இன்னும் இறுகிக் கெடக்கு. முன்னாடி கண்ணாடில வெள்ளையா பூத்தாப்ல இருக்கறதும் போவல

மாமா ராணிப்பேட்டை: அந்த வெள்ளைய சொரண்டிடாத. பசை காயறப்போ கெளம்பற ஆவி வந்து படிஞ்சது அது. வெள்ள டூத்பேஸ்ட், ஜெல் வேணாம், பட்டாணி அளவு பழைய பனியன் துணில தொட்டு வட்டமா தேய். சக்கரத்த மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊறப் போடு, கொதிக்கற தண்ணி கூடாது. அப்பவும் சுத்தலன்னா சாரதி மாளிகைல எந்த மொபைல் கடையிலயும் ஐபிஏன்னு ஒரு ஆல்கஹால் கேளு, ஃபோன் போர்டு தொடைக்க வெச்சிருப்பாங்க. இயர் பட்ஸ்ல தொட்டு அச்சுல மட்டும் வை. அதுக்கு முன்ன வண்டி அடில, கண்ணுக்குத் தெரியாத எடத்துல ஒரு சொட்டு வெச்சிப் பாரு.

அத்தை ராணிப்பேட்டை: நெசக் காரக் காயலான் கடைக்குப் போட்டப்போ யாரும் இவ்ளோ யோசிக்கல

அப்பா: அக்கா, இன்ஜின் சீஸ் ஆகி ரெண்டு வருசம் வாசல்லயே நின்னுது

அத்தை ராணிப்பேட்டை: என்ன ஒரு வார்த்த கேட்டியா. காட்பாடி ஜங்ஷன்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு எத்தன பேரக் கொண்டாந்து சேத்த வண்டி. என் கல்யாணத்துக்கு நான் ஏறிப் போன வண்டி

சித்தப்பா: 2014ல கம்பெனியே அம்பாசடர் செய்யறத நிறுத்திட்டான் அக்கா. அம்பது வருசத்துக்கு மேல வந்துக்கினு இருந்த வண்டி

அத்தை ராணிப்பேட்டை: நான் கம்பெனியப் பத்திப் பேசல

அம்மா: இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா யாராவது சொல்லி வெச்சீங்களா? சமையல்காரரு அதான் வேணும்ன்றாரு

அக்கா குடியாத்தம்: எவ்ளோ

அம்மா: எல எத்தனைன்னு தெரிஞ்சாதான சொல்ல முடியும்

சனி, மதியம் 1:15

நான்: ரெண்டு சக்கரமும் சுத்துது. ஐபிஏ தேவப்படல, மூணு வாட்டி சோப்புத் தண்ணி மாத்தினேன். கண்ணாடி தெளிஞ்சிடுச்சி, உள்ள ஸ்டியரிங் தெரியுது

மாமா ராணிப்பேட்டை: சபாஷ் பாப்பா. சைடு கண்ணாடிக்கு ரெண்டு டியூப் கலக்கற பசை எடுத்துக்கினு சாயங்காலம் வரேன். ராத்திரி முழுக்க காயணும் அது

நான்: மாமா, தாத்தா பாத்துட்டாரு. மடில வெச்சிக்கினு தரையில ஓட்டிப் பாத்தாரு. "என் வண்டில இடது பக்கம் கண்ணாடியே கெடையாது, இது இப்பதான் என் வண்டி மாதிரி கீது, ஒட்டாத"ன்றாரு

மாமா ராணிப்பேட்டை: அப்போ வேணாம்

அத்தை ராணிப்பேட்டை: நாலு பேர் பாக்கற எடம். ஒட்டித்தான் ஆவணும்

சித்தி பெங்களூர்: நித்தின் தாத்தாகிட்ட பேசணும்ன்றான். ஃபோன குடும்மா

அப்பா: ஹால்ல 175 எல சொல்லிட்டேன்

அத்தை ராணிப்பேட்டை: யாரக் கேட்டு?